மாத்திரை எதுவும் போடலையே?

ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று லேபில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்டார்கள். "மிஷின் ஒண்ணும் இல்லாத காலத்துல எப்படி சார் சமாளிச்சீங்க, அத எழுதுங்க" என்றான் பிரகாஷ். அவனுக்கு வேண்டியது பெருமை. கரண்ட் போன நாட்களில், கிருமித் தட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரைக் காப்பாற்றிய கதை, குரங்கு வந்து தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதை. அதையெல்லாம் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நான் எழுதப் போவது வேறு. மலரில் போடுவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் பெயர் ஏழுமலை. கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலூரில் படித்தேன், படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, பாதி நாள் கண்ணாடிக் குழாய் கழுவினேன். பிறகு திருவண்ணாமலையில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தவன் ரிட்டயர் ஆகும்வரை நகரவில்லை. வேங்கிக்காலில் எங்கள் தெருவில் என்னை 'லேப் டாக்டர்' என்பார்கள். நான் டாக்டர் இல்லை என்று ஒருநாளும் யாரையும் திருத்தியதில்லை.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு உலோக மூட்டு வைக்கிறார்கள் அல்லவா, சிலருக்கு அதைச் சுற்றிக் கிருமி குடியேறிவிடும். கால் வீங்கும், சுடும், நடந்தால் உயிர் போகும். கிருமியே இல்லாமல் மூட்டு வெறுமனே ஆட்டம் கண்டாலும் கிட்டத்தட்ட அதே வலிதான். இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெறும் ஆட்டம் என்றால் பழைய உலோகத்தை எடுத்துவிட்டு அன்றைக்கே புதியதை வைத்துத் தைத்துவிடலாம். கிருமி என்றால் எங்கள் எலும்பு டாக்டர் செய்கிற முறை வேறு. கழற்றி, சுரண்டி, மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியை உள்ளே வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகுதான் புதியது. கிருமி இருப்பது தெரியாமல் புதியதை வைத்தால் அதுவும் பாழ். சில பேருக்குக் காலே போய்விடும்.

மூட்டுக்குள் ஊசி போட்டு எலும்பு டாக்டர் நீர் எடுத்துக் கொடுப்பார். அது உடனே லேபுக்கு வர வேண்டும். பர்னர் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, ஒரு சொட்டு எடுத்து, கிருமி வளரக் கூழ் ஊற்றிய வட்டத் தட்டில் இழைப்பேன். ரத்தம் கலந்த தட்டு ஒன்று, அதே ரத்தத்தைச் சூடாக்கிச் செய்த பழுப்புத் தட்டு ஒன்று. பழுப்புத் தட்டுக்குச் சாக்லேட் என்று பெயர். கேட்டு ஏமாந்த புதுப் பிள்ளைகள் உண்டு. மற்ற சாம்பிள்களை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம். மூட்டு நீரை இரண்டு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும். உலோகத்தின் மேல் வழவழவென்று ஒரு படலம் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும் கிருமிகள் சோம்பேறிகள், சட்டென்று வெளியே தலை காட்டாது.

எங்களுக்கு ஒரே எதிரி 'செட் மாத்திரை'. நம் பக்கத்தில் மெடிக்கலுக்குப் போய் வீக்கம், ஜுரம் என்று சொன்னால் போதும், நாலு மாத்திரையைப் பிரித்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதில் ஒன்று ஆண்டிபயாடிக்காக இருக்கும். அதைப் போட்டால் மூட்டுக்குள் இருக்கும் கிருமி சாகாது, மயங்கிக் கிடக்கும். ஆனால் தட்டில் வளராது. 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் போய்விடும். அதனால் நீர் எடுக்கும் முன் நோயாளியிடம் மாத்திரை போட்டாரா என்று கேட்பது என் வேலை. போட்டிருந்தால் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்து வரச் சொல்ல வேண்டும்.

நானும் கேட்பேன். நின்றுகொண்டு, முகக்கவசத்தைக்கூட இறக்காமல், பேனாவைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்பேன். "மாத்திரை எதுவும் போடலையே?" இல்ல சார் என்பார்கள். அடுத்த ஆள். போட்டேன் என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உன்னை யார் போடச் சொன்னது, கண்ட கடையில் வாங்கித் தின்றுவிட்டு இங்கே வந்து எங்கள் உயிரை வாங்குகிறாயா என்று வார்டே கேட்கிற மாதிரி கத்துவேன். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். அவர் என்னிடம் எப்படி உண்மை சொல்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எங்கள் லேபின் தலைமை டாக்டர் சுகுணா மேடம். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எங்களைத் திட்ட வேண்டுமென்றால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அதற்கு நாலு அடி கொடுத்திருக்கலாம் என்று இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும்போது இடது கையால் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி, சரியில்லாத எதையாவது கண்டால் 'உம்' என்று மட்டும் சொல்வார். அந்த 'உம்' வந்தால் லேபில் டீ கிளாஸ் சத்தம்கூட நின்றுவிடும்.

ஒருநாள் அந்த 'உம்' வந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கிராமம், விருஷபதாஸ் என்று ஒரு நிலக்கடலை விவசாயி, சமணக் குடும்பம். வேறு ஊரில் முழங்கால் மாற்றிக்கொண்டு வந்தவர். வலி தாளாமல் எங்களிடம் சேர்ந்தார். வழக்கம்போல நான் கேட்டேன், அவர் இல்ல சார் என்றார். தட்டுகள் சுத்தம். ஆட்டம்தான் என்று அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஆனால் அந்த நீரில், கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளை அணுக்கள் மேடத்துக்குப் பிடிக்காத அளவுக்கு ஜாஸ்தியாக இருந்தன. எழுந்து நேராக வார்டுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் தலைமாட்டில் உட்கார்ந்தார். கடலை பிடுங்கியாச்சா, ஆள் கிடைக்கிறதா என்று விசாரித்தார். சமணர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்களே, இங்கே சாப்பாடு நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டார். வருவதில்லை, இரண்டு நாளாக ராத்திரிப் பட்டினி என்று தெரிந்ததும் கேன்டீன்காரரைக் கூப்பிட்டு அங்கேயே சொன்னார். அந்த இரண்டு நாளும் வார்டுக்குப் போய்வந்த எனக்கு அவர் பட்டினி கிடந்தது தெரியாது. அப்புறம்தான், பேச்சோடு பேச்சாக, "மெடிக்கல்ல குடுத்தது கேட்டுச்சாங்க?" என்றார்.

"கேட்டுச்சும்மா. போட்டா வத்திடுது, நிறுத்துனா திரும்ப வந்துடுது. இங்க வர்ற அன்னைக்குக் காலையிலகூட ஒண்ணு போட்டுட்டுத்தான் பஸ் ஏறினேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சாரிடம் இதைச் சொல்லவில்லையே என்று மேடம் கேட்டார். "அவரு கேக்கும்போதே மூஞ்சில கோவம் இருந்துச்சும்மா. ஆமான்னு சொன்னா வைத்தியமே இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாரோன்னு பயந்துட்டேன்" என்றார் அந்த மனுஷன். என்னைவிட வயதில் பெரியவர். சொல்லும்போது கையைக் கும்பிடுகிற மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது மேடம் சொன்னார். "ஏழுமலை, நீ அவர்கிட்ட கேள்வி கேக்கல. என்ன சொன்னா உனக்கு வேலை கம்மின்னு அவருக்குச் சொல்லிக் குடுத்துட்டு வந்திருக்க."

அறுவை நிறுத்தப்பட்டது. மாத்திரையை நிறுத்திக் காத்திருந்து மறுபடி நீர் எடுத்தோம். தட்டுகளை இன்குபேட்டரில் தினமும் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கூடப் போட்ட மற்றவர்களின் தட்டுகளையெல்லாம் பார்த்து முடித்து எறிந்தாகி, இதுவும் வெறும் தட்டுதான் என்று நினைத்த வேளையில் ரவையைவிடப் பொடியாக நாலைந்து புள்ளிகள் தெரிந்தன. தோலில் சாதுவாக வாழும் கிருமி, உலோகத்தில் ஏறினால் விடாது. விருஷபதாஸுக்கு முறைப்படி இரண்டு அறுவை நடந்தது. நடந்து வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். கொஞ்ச நாள் நானும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மேடம் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரி பெரிசாயிற்று, டோக்கன் வந்தது, வரிசை வாசல்வரை நின்றது. உட்கார்ந்து கடலையைப் பற்றி விசாரிக்க யாருக்கு நேரம்? மறுபடி நின்றுகொண்டே கேட்கத் தொடங்கினேன். பிரகாஷ் வேலைக்குச் சேர்ந்ததும் அவனுக்கும் அப்படியே காட்டிக் கொடுத்தேன். விருஷபதாஸ் கதையை மட்டும் புதிதாக வருகிறவர்களிடம் விடாமல் சொல்வேன். அதில் என் பங்கு வராமல் பார்த்துக்கொள்வேன்.

ரிட்டயர் ஆனபின் என் முழங்காலும் தேய்ந்து நின்றது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே மாற்றினார்கள். ராஜ மரியாதை. நன்றாகத்தான் நடந்தேன். சில மாதம் கழித்து ஒருநாள் மூட்டின் மேல் கையை வைத்தால் சுட்டது. ஓரமாக வீக்கம். எனக்குத் தெரியாதா? பார்த்த நிமிஷமே தெரியும். சிமெண்டுக் கட்டி, மாதக்கணக்கில் படுக்கை, இன்னொரு அறுவை, எல்லாம் கண் முன்னால் வந்தது. அதைவிட, 'லேப் டாக்டருக்கே கிருமியாம்' என்று தெருவில் பேசுவார்களே என்று இருந்தது. சிரிக்காதீர்கள், அதுதான் பெரிசாக இருந்தது.

வேங்கிக்காலில் எல்லா மெடிக்கலிலும் என்னைத் தெரியும். எத்தனை தடவை அவர்களிடம் போய்ச் சீட்டு இல்லாமல் மாத்திரை கொடுக்காதே என்று சண்டை பிடித்திருக்கிறேன்! ஆகவே கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். மனைவியிடம் சிநேகிதனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். கடைக்காரப் பையன் நான் கேட்ட மாத்திரையின் பெயரைக் கேட்டதும் டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றான். ஒழுங்கான பையன். "நானே டாக்டர்தாம்ப்பா" என்றேன். உடனே எழுந்து நின்று கொடுத்தான். இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

வீக்கம் வற்றியது, வலி நின்றபாடில்லை. நொண்டி நடையைப் பார்த்துவிட்டு எலும்பு டாக்டர் நீர் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பௌர்ணமி. பிரகாஷ்தான் வந்தான். என் முன்னால் நிற்கவே அவனுக்குக் கூச்சம்.

"உங்களுக்குப் போய் நான் கேக்கணுமா சார், மாத்திரை எதுவும் போடலையே?"

"சேச்சே" என்றேன். அன்று காலையில் போட்ட மாத்திரையின் கசப்பு தொண்டையில் இருந்தது.

நீர் எடுத்து முடிக்கும் வேளையில் வேர்க்க விறுவிறுக்க ஒரு பெண் ஓடிவந்தாள். பெயர் நிவேதா, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. மூட்டுக் கிருமியைப் பற்றித்தான் ஆராய்ச்சி. எங்கள் ஆஸ்பத்திரி சாம்பிள்களை வாங்கிப் போவாள். கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிட்டார்கள், ஆட்டோ வரவில்லை, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறாள். என் சம்மதத்தைக் கேட்டு, நீரில் கொஞ்சத்தைத் தன் குழாயில் வாங்கி உடனே மருந்து நீரில் கலந்தாள். தாமதமானால் உள்ளே இருப்பது சிதைந்துவிடுமாம். எது சிதையும் என்று கேட்டேன்.

ஆர்.என்.ஏ. என்றாள். செல்லுக்குள் டி.என்.ஏ. மூலப் பத்திரம் என்றால் ஆர்.என்.ஏ. அன்றன்றைய வேலைக்கு எடுக்கிற நகல். அந்த நகலின் மேல் பொடிப்பொடியாக ரசாயனக் குறிகள் ஏறும். எந்த நகலை உடனே படிக்க வேண்டும், எதைக் கிழித்துப் போட வேண்டும் என்பதை செல் அந்தக் குறிகளை வைத்துத்தான் முடிவு செய்கிறதாம். உலோக மூட்டைச் சுற்றிக் கிருமி இருந்தால் நம் வெள்ளை அணுக்களின் நகல்களில் குறிகள் வேறு மாதிரி மாறுகின்றனவா, அதனால்தான் எலும்பும் கரைகிறதா என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். கிருமி உள்ளவர்கள் ஒரு பக்கம், வெறும் ஆட்டம் உள்ளவர்கள் ஒரு பக்கம், இரண்டையும் ஒப்பிட வேண்டும். "இது டெஸ்ட் கிடையாது சார், இன்னும் வெறும் ஆராய்ச்சிதான்" என்று இரண்டு தடவை சொன்னாள். பிள்ளை கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். பொய் சொன்னவன் என்ற நினைப்பே அப்போது இல்லை.

என் தட்டுகளில் ஒன்றும் வளரவில்லை. ரத்தத்தில் அழற்சி கொஞ்சம் ஜாஸ்தி, அதை வயசானால் வருவது என்று தள்ளிவிட்டார்கள். ஆட்டம்தான், கார்த்திகை தீபக் கூட்டம் முடிந்ததும் ஒரே அறுவையில் புதியதை வைத்துவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். நிம்மதியாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானே அந்த ரிப்போர்ட்டை நம்பத் தொடங்கிவிட்டேன்.

தீபம் முடிந்து அறுவைக்கு முந்திய ரத்தப் பரிசோதனைக்காக லேபுக்குப் போனேன். நிவேதா மூலையில் உட்கார்ந்திருந்தாள், அழுத முகம். என்னவென்று பிரகாஷிடம் கேட்டேன். பௌர்ணமி அன்றைக்கு அவசரத்தில் குழாயை மாற்றிவிட்டாளாம், அவளுடைய பேராசிரியர் இதுவரை செய்த எல்லாவற்றையும் சந்தேகப்படுவாராம் என்றான். நான் அவள் பக்கத்தில் போனேன்.

"கிருமி இல்லாத சாம்பிள்ல எல்லாம் குறி ஒரே மாதிரி வருது சார். அன்னைக்கு எடுத்ததுல கிருமி இல்லன்னு ரிப்போர்ட் வந்த ஒண்ணு மட்டும் கிருமி இருக்கறவங்களோட போய் நிக்குது. அன்னைக்கு வந்ததே ரெண்டு பேரு. அவசரத்துல நான்தான் எதையோ மாத்தி வெச்சிருக்கேன். சாயங்காலம் எங்க புரொபசர் மேடத்துக்கு போன் பண்ணிச் சொல்லிடப் போறேன்."

அன்றைக்கு வந்த இன்னொருவர் செங்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாள். அவர் மூட்டில் எடுத்தது கண்ணுக்கே தெரிகிற சீழ். நிவேதாவுக்கு எந்த நீர் யாருடையது என்று தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். எனக்குத் தெரியும். தட்டை ஏமாற்றியாகிவிட்டது, என் செல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

பேசாமல் ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். அறுவை நடக்கும், கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் கால் போகும். இந்தப் பெண் செய்யாத தப்பைச் செய்தேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போவாள். ஒரு நிமிஷம் அப்படியே போய்விடலாமா என்று நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"குழாய் மாறலம்மா. அது என் சாம்பிள். நான் ஆண்டிபயாடிக் போட்டுட்டு வந்து போடலன்னு சொன்னேன்."

பிரகாஷ் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தான். நிவேதா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். அப்போ நான் சரியாத்தான் செய்திருக்கேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்புறம்தான் நான் யார் என்பதும் என் கால் என்ன ஆகும் என்பதும் அவளுக்கு உறைத்தது. "ஆபரேஷன நிறுத்தச் சொல்லணும் சார், வாங்க" என்று எழுந்தாள். அவளும் பிரகாஷும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை எலும்பு டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். நடந்ததை அவரிடமும் சொன்னேன். நாள் ரத்து. மாத்திரை நிறுத்தம். மறுபடி நீர் எடுத்ததில் கிருமி வளர்ந்தது, பிரகாஷே இழைத்தான். இப்போது என் முழங்காலுக்குள் சிமெண்டுக் கட்டி இருக்கிறது. இதைப் படுக்கையில் சாய்ந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

போன வாரம் நிவேதா வீட்டுக்கு வந்தாள். என்னைப் பார்க்கத்தான் வந்தாள், ஆப்பிள்கூட வாங்கி வந்திருந்தாள். ஆனால் ஏதோ கேட்க வந்து கேட்கமுடியாமல் இருப்பது தெரிந்தது. கேளும்மா என்றேன்.

ஆராய்ச்சியின் முதல் பகுதிக்காக எங்கள் லேபின் பழைய முடிவுகளை கம்ப்யூட்டரிலிருந்து எடுத்திருக்கிறாள். மாத்திரையும் போடாமல், தட்டிலும் வளராமல், வெறும் ஆட்டம் என்று முடிவான மூட்டுகள் எத்தனை என்று கணக்கு. முக்கால்வாசி நான் கேட்டு எழுதியவை. என் சர்வீஸ் முழுக்க அதில் இருக்கிறது.

"அதுல 'மாத்திரை போடல'ன்னு இருக்கறத நம்பலாமா சார்?"

எத்தனை பேர் இருப்பார்கள்? என் முன்னால் படுத்திருந்தவர்கள், இல்ல சார் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள், தட்டு சுத்தம் என்று நான் கையெழுத்துப் போட்டு அறுவைக்கு அனுப்பியவர்கள். ஒருவர் முகம்கூட நினைவுக்கு வரவில்லை. நான் பார்த்திருந்தால்தானே வரும்.

"நம்பாதம்மா, எல்லாத்தையும் கணக்குலேருந்து எடுத்துடு" என்றேன்.